கல்யாண எழுத்து

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய மம்பாவில், என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் படிக்கும் கண்ணாடியை மாற்ற அங்கே போனேன். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் என் கண்களைச் சோதித்தார். சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்ன பிறகு, ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுத்து எதுவரை தெரிகிறது என்று கேட்டார். அதில் ஆங்கிலப் பத்திகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போயின. நடுவில் ஒரு பத்தி மட்டும் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதற்கு மேலிருந்த பெரிய எழுத்தே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சாய்ந்த பத்தியைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டேன்.

இது எப்படி முடிந்தது என்று அவர் கேட்டார். என்னைக் கேட்கவா வேண்டும்? அறுபது வருடத்துப் பழக்கம் என்று தொடங்கி, அந்த எழுத்தின் அழகைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். இது சும்மா சாய்த்து வைத்த எழுத்து இல்லை, இதற்குத் தனிப் பிறவி, தனி நடை என்றெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

“தெரியும் ஐயா. கல்யாண எழுத்து.”

உலகத்தில் அந்த எழுத்தை அந்தப் பெயரால் அழைத்தவர்கள் ஒரே ஓர் எஸ்டேட்டில் இருந்தவர்கள்தாம். லாபுவுக்கு உள்ளே, இப்போது தாமான் என்கிற புது வீட்டுக் குடியிருப்பும் கடை வரிசைகளும் நிற்கிற இடத்தில் அந்த எஸ்டேட் இருந்தது. அங்கே முப்பது வருடம் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன், கடைசிப் பன்னிரண்டு வருடம் பெரிய கிராணி.

“உள்ள வரும்போதே குரல வெச்சுக் கண்டுபுடிச்சிட்டேன்” என்றார் அந்தப் பெண். தொழிலாளர் வீட்டு வரிசைகளில், தண்ணீர்த் தொட்டி லயத்தில் மூன்றாவது வீடு என்றார். அம்மா எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குவார் என்றார். அவர் மேற்கொண்டு சொல்லும் முன்பே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை நினைக்காமலிருக்க நான் இருபது வருடமாகப் பழகியிருந்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தப்பு எழுத்தினுடையது அல்ல.

ஆங்கில அச்செழுத்தில், கோடுகளின் முனைகளில் சிறு கொக்கி வைத்த இனம் ஒன்று உண்டு. கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் அதில்தான் அச்சாகும். நான் சொல்வது அந்த இனத்தின் சாய்ந்த வடிவம். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் எழுத்தர்கள் வேகமாக எழுதிய கையெழுத்தைப் பார்த்து அதை உலோகத்தில் வெட்டினார்களாம். இதைச் சிரம்பானில் படித்த காலத்தில் பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் கண்டேன். என் அப்பா கிராணி, அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணி. உலகத்திலேயே அழகான அச்செழுத்து எழுத்தர்களின் கையிலிருந்து பிறந்தது என்று படித்தபோது, அது எங்கள் குடும்பச் சொத்து போலவே எனக்குத் தோன்றியது.

நிமிர்ந்த எழுத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது வந்துவிடாது. சிறிய ‘ஏ’ தன் கூரையைக் கழற்றிவிட்டு வெறும் வயிறும் வாலுமாக ஆகிவிடும். நிமிர்ந்திருக்கும்போது கோட்டின்மேல் நிற்கிற ‘எஃப்’, சாய்ந்ததும் கோட்டுக்குக் கீழே காலை நீட்டும். எல்லா எழுத்தும் இடுப்பு ஒடுங்கி ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். இரண்டு பெயர்களைச் சேர்க்கிற ‘அண்ட்’ குறி, நிமிர்ந்த எழுத்தில் பெஞ்சில் உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். சாய்ந்ததில் அது முடிச்சுப் போட்ட பூச்சரம். மாப்பிள்ளை பெயருக்கும் பெண்ணின் பெயருக்கும் நடுவே வைப்பதற்கென்றே யாரோ செய்தது போல இருக்கும்.

அதற்கென்று வேலைகளும் உண்டு. புத்தகத்தின் பெயர், கப்பலின் பெயர், வேற்றுமொழிச் சொல், ஒருவர் மனதுக்குள் நினைப்பது இவற்றை அதில் போடுவார்கள். ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதற்கும் அதுதான். நமக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. ஆங்கிலம் எழுத்தைச் சாய்க்கிற இடத்தில் தமிழ் ஓர் ஏகாரத்தையோ ஒரு ‘தான்’ஐயோ சேர்த்துவிட்டுப் போய்விடும். கணினியில் தமிழைச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். காற்றில் விழப்போகிற வாழை மாதிரி இருந்தது.

அதைப் பயன்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. பக்கம் முழுவதையும் அதில் அடிக்கக் கூடாது, கண் சலித்துவிடும். எச்சரிக்கை, சட்டம், கெடு வைக்கும் அறிவிப்பு, இவற்றை அதில் போடவே கூடாது. அது தாழ்ந்த குரலில் பேசுகிற எழுத்து. தீப்பிடித்தால் யாரும் தாழ்ந்த குரலில் சொல்வதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எஸ்டேட் ஆபீசுக்குக் கணினி வந்தபோது அதற்குள் அந்த எழுத்து இருந்தது. நான் அதை வைத்து முதலில் செய்தது ஆபீஸ் வேலை அல்ல, கல்யாண அட்டை. லயத்துப் பிள்ளைகளின் கல்யாண அட்டைகளில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்தை அமைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். நடுவில் நிறுத்திய வரிகள், சாய்ந்த எழுத்து, பெரிதாகத் தேதி, அதன் கீழே நேரம். சிரம்பான் அச்சகத்துக்கு அதைக் கொடுத்துவிட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் எஸ்டேட்டில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும், புதுமனை புகுவிழாவுக்கும் அதே எழுத்துதான். ஆங்கிலம் தெரியாதவர்கள்கூடத் தூரத்திலிருந்து பார்த்தே விசேஷம் என்று சொல்லிவிடுவார்கள். ஆபீஸ் அறிவிப்பு வேறு மாதிரி இருக்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துப் பலகையில், நிமிர்ந்த பெரிய எழுத்தில், வெள்ளைத்தாளில் தொங்கும். அதைப் பார்த்தால் யாராவது படிக்கத் தெரிந்த பிள்ளையை அழைத்து வருவார்கள். ஆக, எது விசேஷம், எது உத்தரவு என்று அந்தக் கண்களுக்குப் பழக்கியது நான்தான்.

பிறகு எஸ்டேட்டை விற்றார்கள். வாங்கிய கம்பெனி தாமான் கட்டப் போகிறது. அதில் ஒரு வரிசை மலிவு விலை வீடுகளைத் தொழிலாளர்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்னது. குறிப்பிட்ட நாள் மாலை ஐந்து மணிக்குள், அடையாள அட்டை நகலுடன் ஆபீசில் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும். கொடுக்காதவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை அறிவிக்கும் வேலை என்னுடையது. பலகையில் ஒட்ட வேண்டாம் என்றார் எஸ்டேட்டை நடத்திய துரை. பலகையில் போட்டால் யூனியன்காரர்கள் வந்து கூட்டம் போடுவார்கள், வீடு வீடாகக் கொடுத்துவிடலாம் என்றார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும், கௌரவமாக இருக்கட்டும் என்றார். தமிழில் எழுதப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. சனங்களை வெளியே போகச் சொல்லும் ஒரு தாளை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை மறைக்க நான் அதை அழகாக்கினேன். கல்யாண மாதிரிகளுக்காக வாங்கி வைத்திருந்த பாலாடை நிற அட்டைகள் அலமாரியில் மீதம் இருந்தன. வரிகளை நடுவில் நிறுத்தினேன். மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்தேன். தேதியைப் பெரிதாக, அதன் கீழே மாலை மணி ஐந்து. முழுவதும் சாய்ந்த எழுத்து.

துரை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புதுக் கம்பெனி அதிகாரி அதைப் பாராட்டினார். எஸ்டேட் ஆபீசில் இவ்வளவு நேர்த்தியான வேலையா என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் மயங்கிப் போனேன்.

அட்டைகளை வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லி, கங்காணி வேலை பார்த்த மண்டோரிடம் தந்தேன். உள்ளே என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அவற்றை முதலில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பார்த்தார். மஞ்சள் தடவாத அட்டையை ஒரு வீட்டுக்குள் கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. வெறும் அட்டை என்றால் அது கருமாதி அட்டை. ஆபீஸ் ஆட்கள் ஆண்பிள்ளைகள், மறந்திருப்பார்கள் என்று எண்ணி, அந்த அம்மாள் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு முனைகளிலும் மஞ்சள் தொட்டு வைத்தார். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வீடுகளில் அந்த அட்டைகள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறின. முன்பு துரை மாறும்போதெல்லாம் ஆபீஸ் திடலில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். எஸ்டேட்டே கைமாறுகிறது, கம்பெனி பெரிய விருந்து வைக்கிறது என்று பேச்சுப் பரவியது.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் விஷயம் புரிந்து, வந்து பெயர் கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்து வீடுகளுக்குச் சொன்னார்களா, சொன்னதை மற்றவர்கள் நம்பவில்லையா, எனக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி லயம் மற்ற லயங்களிலிருந்து தள்ளி இருந்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை.

கெடுவுக்கு நான்கு நாள் முன்பு, கண்ணாடிக் கடைப் பெண்ணின் அம்மா மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதின்மூன்று வயது மகளோடு தனியாக இருந்தார். அந்தக் காலத்தில் நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசுவேன். சீட்டை வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

“விசேஷத்துக்குப் பாப்பாவையும் கூட்டிட்டு வரலாமா ஐயா?”

கம்பெனி அதிகாரி என் மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். எந்த விசேஷம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் அவர் அட்டையைச் சொல்வார். அந்த அழகான அட்டை யாருக்கும் விளங்கவில்லை என்பது அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

“வரலாம், வரலாம்” என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே மண்டோரை அனுப்பி எல்லாருக்கும் விளக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று முடியவில்லை. மறுநாள் செய்யலாம் என்றிருந்தேன். மறுநாள் இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று தோன்றியது. இப்படியே அந்த நாள் வந்துவிட்டது.

ஐந்து மணிக்குத் துரை பட்டியலில் கையெழுத்துப் போட்டார். காலையில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். நான் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணி இருக்கும். செம்மண் பாதையில் ஆட்கள் வருவது தெரிந்தது.

அந்தக் காட்சியை நான் இன்னும் பார்க்கிறேன். பெண்கள் பட்டுச் சேலையில் வந்தார்கள். ஆண்கள் வேட்டியிலும் பூப்போட்ட பாத்தேக் சட்டையிலும் வந்தார்கள். பிள்ளைகளுக்கு முகமெல்லாம் பவுடர். ஒருவர் கையில் தட்டு, தட்டில் வெற்றிலையும் ஆரஞ்சுப் பழமும் துரைக்குப் போட ஒரு மாலையும். பதினொரு குடும்பங்கள். ஐந்து மணி என்று போட்டால் ஐந்து மணிக்கா போவார்கள்? எந்தக் கல்யாணத்துக்கு நாம் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறோம்? அரை மணி தாமதித்து வருவதுதான் மரியாதை. முன்னாலேயே போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு அலைகிறவன் என்று பேர் வரும்.

சன்னல் கொக்கியைப் பிடித்தபடியே நின்றேன்.

“என்ன கிராணி, பந்தலையே காணோம்?” என்றார் முன்னால் வந்த கிழவர். எந்த விருந்திலும் முதல் பந்தியில் உட்காருகிறவர், எல்லாரையும் கேலி செய்கிறவர். “எஸ்டேட்டையே வாங்குன கம்பெனி, கோழிய போட்டு ஏமாத்தலாம்னு பாக்காதீங்கலா. ஆட்டுக்கறி இல்லன்னா நாங்க இப்படியே திரும்பிருவோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அது அப்போது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

என் முன்னால் மேசையில் பட்டியல் இருந்தது. கடைசித் தாளில் பாதி காலி. இந்தப் பதினொரு குடும்பத்தின் அடையாள அட்டை நகல்களும் என் அலமாரியிலேயே இருந்தன, எல்லாத் தொழிலாளர்களுடையதும் இருந்தன. கடைசித் தாளை மறுபடி தட்டச்சு செய்து காலையில் நீட்டினால் துரை கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு தாளை இரண்டாவது முறை படிக்கிற ஆள் இல்லை அவர். இருபது நிமிட வேலை. அதைச் செய்வதென்றால் முதலில் வெளியே போய், இது விருந்தல்ல, உங்கள் வீடு என்று சொல்ல வேண்டும். பட்டுச் சேலைகளைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

வாசலுக்குப் போனேன்.

“தள்ளி வெச்சிட்டாங்க. துரைக்கு அவசர வேலை. அப்புறம் சொல்லி அனுப்புறோம்.”

கிழவர் உதட்டைப் பிதுக்கினார். ஆட்டைப் பிடிக்கப் போயிருப்பார் என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. தட்டை வைத்திருந்தவர், மாலை வாடிவிடும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதை என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த மாலையோடு நான் ஆபீசுக்குள் திரும்பி வந்தேன். பட்டியலை உறையில் போட்டு ஒட்டினேன்.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யூனியன்காரர் வந்து கத்தினார். பட்டியல் மூடியாகிவிட்டது என்றது கம்பெனி. சில மாதங்களில் அந்த லயம் காலியானது. என்னை அதிரவைத்தது, யாரும் என்னைத் திட்டவில்லை என்பது. அந்தக் கிழவர் லாரியில் சாமான் ஏற்றிய அன்று என்னிடம் வந்து, படிக்காத முண்டங்கள் நாங்கள், யாரைச் சொல்லி என்ன என்றார். நான் தலையை ஆட்டினேன். அதாவது, ஆமாம் என்றேன். அந்த வார்த்தையையே இருபது வருடம் சாய்மானமாக வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, பாவம், நான் என்ன செய்ய முடியும்?

கண்ணாடிக் கடையில் அந்தப் பெண் உடைத்தது அதைத்தான்.

கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து வைத்துக்கொண்டே அவர் சொன்னார். அட்டை வந்த அன்றே அதைப் படித்துவிட்டாராம். அப்போது இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம். எல்லாச் சொல்லும் புரியவில்லை, ஆனால் வீடு, பெயர், கடைசி நாள் என்பது புரிந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா நம்பவில்லை. மறுபடி சொல்லியிருக்கிறார். நம்மை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“கன்னத்துல ஒரே அறை. மஞ்ச வெச்ச அட்டைய கையில வெச்சுக்கிட்டு என்னா அபசகுனமா பேசற, கல்யாண எழுத்து எனக்குத் தெரியாதா, நீ எனக்குச் சொல்லித் தரியான்னு. அப்புறமும் ஆபீஸ்ல போய்க் கேளுங்கம்மான்னு அழுதேன். போய்க் கேட்டாங்க. கிராணி ஐயாவே வரலாம்னு சொல்லிட்டாருன்னு வந்து, இன்னொன்னு வெச்சாங்க.”

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் கண்ணின் பவர் எண்ணைச் சொல்லும் குரலில் சொன்னார். அந்தத் தாய் அன்று என் மேசை முன்னால் நின்றது மகளைக் கூட்டி வரலாமா என்று கேட்க மட்டும் அல்ல. மகள் சொன்னது பொய்தானே என்று என்னிடம் உறுதி செய்துகொள்ள வந்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு பிள்ளை சரியாகப் படித்திருந்தது. நான் அழகு பார்த்து வைத்த எழுத்து அதைப் பொய் என்றது. பிறகு நானும் என் வாயால் பொய் என்றேன்.

அதன் பிறகு அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். கோலா கிளாவாங்கில் சித்தி வீட்டின் பின்னறைக்குப் போனார்கள். அம்மா சின்ன ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டி மகளைப் படிக்க வைத்தார். இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாராம்.

“அம்மாவ பாக்கணும்” என்றேன்.

எதற்கு என்று கேட்டார். இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை தான் போவதாகச் சொன்னார். என்னைக் காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நான் பேருந்தில் போனேன்.

பலகை வீடு. பக்கத்தில் ரம்புத்தான் மரம். அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், முதுகு நேராக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாங்க ஐயா என்றார். அந்த ‘ஐயா’ என்னைச் சுட்டது. கோப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார். மகள் சன்னலோரம் நின்றார். அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

நான் மூன்று விஷயங்களைச் சொன்னேன். பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்று அட்டையை அப்படிச் செய்தது நான். விசேஷம் என்று நீங்கள் கேட்டபோது தவறாக எண்ணியிருக்கிறீர்கள் என்று தெரிந்தே வரலாம் என்றது நான். அன்று மாலை பெயர்களைச் சேர்க்க முடிந்தும் சேர்க்காமல், தள்ளி வைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னது நான். எழுதி வைத்துப் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் மகளைப் பார்த்துத் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

“நான் வந்து கேட்ட அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் அம்மா.”

நான் அவரை அம்மா என்றது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

“அப்ப நீ படிச்சது சரிதானா?” என்றார் மகளிடம்.

“அது பழைய கதம்மா. விடுங்க.”

“சரியா, இல்லையா? சொல்லு.”

“சரிதான்.”

“ரெண்டு தடவ அடிச்சேன்.”

“ம்.”

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மகள் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய் எழுந்து போய், மகளுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார். தொடவில்லை. அந்த அறையில் நான் இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. வீட்டை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருபது வருடமாக என்ன கிடந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

எழுந்து, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“அதெல்லாம் இப்ப கேக்காதீங்க” என்றார் அந்த அம்மா, திரும்பாமலே. “இன்னும் பத்து வீடு இருக்கே. நாங்க படிக்காத சனம், எங்களால வந்ததுன்னு நெனச்சுக்கிட்டே செத்துருவாங்க எல்லாரும். போய்ச் சொல்லுங்க. ஒரு வீடு விடாம சொல்லுங்க. அப்புறம் இங்க வாங்க, பாக்கலாம்.”

கோப்பியை நான் குடிக்கவில்லை. குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அதன் பிறகு ஏழு வீடுகளைக் கண்டுபிடித்துப் போய்விட்டேன். கேலிக் கிழவர் இறந்து பல வருடம் ஆகிறது. லாரி ஓட்டும் அவர் மகன் வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டு, அப்பா சாகும்வரை தன்னையே நொந்துகொண்டார் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். நீலாயில் ஒரு வீட்டில், அன்று தட்டு கொண்டுவந்தவர் இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. அவருக்குச் சொன்னதைக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. அவர் மனைவிக்கு மறுபடி முழுவதும் சொன்னேன். அவர் அங்கிருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் மட்டும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அந்த ஓர் இடத்தில்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

இன்னும் இரண்டு வீடுகளுக்கு இந்த மாதம் போவேன், முகவரி கிடைத்திருக்கிறது. கடைசி ஒரு குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இதை எழுதுவது அவர்களுக்காக. தண்ணீர்த் தொட்டி லயத்தில் கடைசி வீடு. கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர், வலது கையில் ஒரு விரல் பாதி இருக்காது. இரட்டைப் பெண் குழந்தைகள். அன்று மாலை இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பச்சைப் பாவாடை தைத்துப் போட்டிருந்தார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது அவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். அவர்கள் தேதியைச் சரியாகத்தான் படித்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஆபீஸ் வாசலில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.